றிவேர்ஸ் அண்ணையின் காரில் எனக்கொரு பங்கு

இலங்கையில் கார் ஓட்டியவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பேசாலை றிவேர்ஸ் அண்ணை ஒரு வகை. மிச்சப்பேர் எல்லாரும் மற்ற வகை. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. சைக்கிளில் பின்னுக்கு இருந்து போனாலே நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். அப்படிப்பட்ட என்னை, தலையில் ஹெல்மெட்டை மாட்டி ஒரு றேஸ் காருக்குள் இருத்திய பெருமை அவரையே சேரும்.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் வேறு. சண்டை முடிந்து பாதைகள் எல்லாம் திறந்து கொஞ்ச வருசத்தில், நானாட்டான் பக்கம் அறுவடை முடிந்த வெளியில் கார் றேஸ் தொடங்கினார்கள். ஆசைக்கு ஓடுகிறவர்களின் றேஸ். பரிசு ஒரு கிண்ணம். முதல் வருசம் கொடி விழுந்ததும் எல்லாக் காரும் முன்னால் பாய, இவருடைய கார் மட்டும் பின்னால் பாய்ந்து, நடுவர்களுக்கு வைத்திருந்த சோடாப் பெட்டிகளின் மேல் ஏறி நின்றது. பின்னேரம் ஊர் திரும்பமுன்னரே புதுப்பெயர் பேசாலைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அந்தக் கார் கிழமை நாட்களில் மன்னார்ச் சந்தைக்குக் கருவாடு ஏற்றும். றேஸுக்கு முதல்நாள் சவர்க்காரம் போட்டுக் குளிப்பாட்டுவார். பிரயோசனமில்லை. மற்றவர்கள் இவரை முந்திக்கொண்டு ஓடியது வேகத்தாலா, மணம் தாங்காமலா என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

மனிதர் எதையும் மீனில்தான் கணக்குப் பார்ப்பார். முதல் வருச நுழைவுக் கட்டணம் ஒரு நல்ல அறக்குளா மீன். அடுத்த வருசம் அம்புலன்ஸ் நிறுத்த வேண்டுமென்று கூட்டினார்கள். அது ஒரு கூடை நண்டு. பிறகு காப்புறுதி வந்தது. பிறகு பந்தல், ஒலிபெருக்கி, பிரதம விருந்தினருக்கு மாலை.

"அந்தாளுக்கு மாலை போடுறதுக்கு நான் ஏன் தம்பி கடலுக்குப் போகவேணும்?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்கடுத்த வருசக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வந்தவர், தொப்பென்று கதிரையில் இருந்தார். "திமிங்கிலம்" என்று மட்டும் சொன்னார்.

தனியொருவரால் திமிங்கிலம் பிடிக்க முடியாது. ஆகவே கடற்கரை வழக்கத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். தொழிலில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சினுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள் அல்லவா? அதுபோலக் கட்டணத்தையும் ஊருக்குள் பங்கு போட்டார். கந்தோர்ச் சம்பளக்காரன் என்ற மரியாதையைக் காப்பாற்ற நானும் ஒரு பங்கு போட்டுத் தொலைத்தேன்.

கட்டணத்தைக் கூட்டிய குழு மனச்சாட்சி குத்தியோ என்னவோ ஓர் அறிவித்தல் விட்டிருந்தது: முதல் மூன்று இடமும் எடுப்பவர்களுக்கு அடுத்த வருசம் கட்டணமில்லை. றிவேர்ஸ் அண்ணை அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரை இன்னொருக்காக் கேக்கேலாது, தம்பி. இந்தமுறை மூண்டுக்குள்ள வந்தா அடுத்த வருசமும் ஓடுவன். இல்லாட்டி வேலிக்கு இங்கால நிண்டு பாக்கிற ஆக்களில நானும் ஒருத்தன்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எனக்கு மனம் ஒருமாதிரி ஆகிவிட்டது. அந்த இளகின நேரம் பார்த்துத்தான் அடுத்ததைப் போட்டார்.

"காருக்குள்ள ரெண்டுபேர் இருக்கவேணுமாம். நீர்தான் வாறீர்."

"நானோ? அண்ணை, பங்குகாரர் எத்தினை பேர் இருக்கினம்?"

"எல்லாரும் பாரம். நீர்தான் ஊதினாப் பறக்கிற ஆள். அதோட, கடலுக்கு வராமக் கரையில நிக்கிறவனுக்கு அரைப் பங்குதான், தெரியும்தானே."

வீட்டில் மனைவி தடுப்பாள் என்று நம்பிப் போனேன். அவள் மீனை அரிந்துகொண்டே, "இன்சூரன்சும் கட்டணத்துக்குள்ள இருக்காமே, பயப்பிடாமப் போட்டு வாங்கோ" என்றாள்.

றேஸன்று கொடி விழுந்தது. கார் முன்னால்தான் போனது. அதுவே எனக்குப் பெரிய அதிர்ச்சி. முதல் வளைவில் கதவின் கைபிடி என் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது வளைவில் உத்தம மனஸ்தாப மந்திரத்தைத் தொடங்கினேன். சாகப்போகிறவர்கள் ஆறுதலாகச் சொல்லும் மந்திரம் அது; நான் அதைக் காரைவிட வேகமாகச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லும். எஞ்சின் சத்தம் கேக்குதில்லை" என்றார்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை. என்னை இறக்கிவிட்டிட்டுப் போங்கோ. பாரமும் குறையும்."

"பேசாம இரும். நாங்கள் மூண்டாவது."

கண்ணைத் திறந்து பார்த்தேன். உண்மை. பாதிக் கார்கள் மணலில் புதைந்து கிடந்தன. இவரோ மேடு வரும்போது அலைக்கு வள்ளத்தைத் திருப்புவதுபோலக் காரைச் சரித்துச் சரித்து ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசிச் சுற்று. முன்னால் இரண்டு கார், பின்னால் வெகுதூரத்துக்குப் புழுதி மட்டும்.

அப்போதுதான் அந்தச் சேட்டு தெரிந்தது.

ஒரு கார் ஓடுபாதையைவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி நின்றது. ஓட்டிவந்த வவுனியாப் பொடியன் மேலே நின்று, போட்டிருந்த சேட்டைக் கழற்றித் தலைக்குமேல் வீசிக்கொண்டிருந்தான். வேறு எந்த ஊரவனும் அதை 'விலகிப் போ' என்றுதான் விளங்கியிருப்பான். பேசாலையில் வளர்ந்தவனுக்கு அப்படி விளங்காது. கடலில் ஒருவன் சேட்டைக் கழற்றி வீசினால் எஞ்சின் போய்விட்டது, வந்து காப்பாற்று என்று அர்த்தம். அதைக் கண்டும் தாண்டிப்போகிறவன் கரைக்கு வந்து முகம் காட்ட முடியாது.

றிவேர்ஸ் அண்ணையின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

என் மன்றாட்டுத்தான் கேட்கப்பட்டது என்று நினைத்து, பாய்ந்து இறங்கி மண்ணை முத்தமிட்டேன். நிமிர்ந்தால், அவர் பின்பெட்டியிலிருந்து வள்ளம் கட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயா, எனக்கு ஒண்டுமில்லை. உங்களை விலத்திப் போகச் சொல்லித்தான் காட்டினனான். நீங்கள் போங்கோ" என்று பொடியன் கெஞ்சினான்.

"பொடி பயத்தில கதைக்குது. தம்பி, நீர் கயித்தின்ர அந்தத் தலைப்பைக் கட்டும்."

அப்போது எனக்குள் ஏதோ நடந்தது. காலையிலிருந்து நிப்பாட்டச் சொல்லிக் கத்திய அதே வாயால், "ஓடுங்கோ அண்ணை, ஓடுங்கோ, மூண்டாவது போகுது" என்று குழறினேன். ஒரு கார் எங்களைத் தாண்டியது. இன்னொன்று தாண்டியது. என் முழுப் பங்கும் புழுதியாகப் பறந்தது. அவர் முடிச்சை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, ஒரு காரைக் கட்டி இழுத்தபடி கோட்டைக் கடந்தோம். கட்டி இழுத்தது விதிக்கு மாறு என்று நடுவர் எங்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. பங்குகாரர்கள் ஓடிவந்தார்கள். ஏச்சு விழப்போகிறது, நானும் சேர்ந்து ஏசலாம் என்று காத்திருந்தேன். வந்தவர்கள் என்னைத் தள்ளிவிட்டுப் பின்காரை எட்டிப்பார்த்து, "பொடிக்கு ஒண்டுமில்லையோ?" என்றார்கள். வேறொன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பேரிலும் கிண்ணத்துக்காக அழுதவன், கார் என்றால் நடுங்குகிற நான் ஒருவன்தான்.

அடுத்த வருசம் கட்டணம் இன்னும் கூடியது. திமிங்கிலத்துக்குமேல் மீன் இல்லாதபடியால் அவர் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை. றேஸன்று காலை என் வீட்டு வாசலில் கோர்ன் கேட்டது. கார் குளித்து, கருவாட்டு மணத்தோடு நின்றது.

"ஏறும். குழுவோட கதைச்சிட்டன். புதையிற காரை இழுக்க ஒரு வாகனம் வேணுமாம். அதுக்குக் கட்டணமில்லை."

அன்று அந்த வெளியில் மற்ற எல்லாரையும்விட அதிக தூரம் ஓடியவர் றிவேர்ஸ் அண்ணைதான். புதைந்தவனையும் இழுத்தார், புதையாதவனையும் எதற்கும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். நான் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் முறையாகக் குழறினேன்.

அந்த இருக்கைக்கு ஒருவரும் என்னிடம் காசு கேட்கவில்லை. திமிங்கிலமே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.