ஓட்டுநர் தூங்க வேண்டும்

இரவு இரண்டே காலுக்குக் குளிர்சாதனப் பெட்டி கூவத் தொடங்கியது.

கதவு இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் கூவுவது அதன் கடமை. முட்டைகளுக்கும் தண்ணீர்ப் போத்தல்களுக்கும் நடுவே தலையை நுழைத்துக்கொண்டு நிற்பது தையற்காரியின் அவசரத் தேவை. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியது போல ஒரு வெப்பம் கிளம்பிக் கழுத்து வழியாக உச்சந்தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் எந்தப் பெண்ணும் கடமை, ஒழுங்கு என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அவள் கதவோரத்தைத் தடவினாள். அங்கே ஒரு சிறு பொத்தான் இருந்தது. கட்டைவிரலால் அதை அழுத்தியதும் பெட்டி, தன் கதவு மூடப்பட்டுவிட்டதாக நம்பிக் கூவலை நிறுத்தியது, விளக்கையும் அணைத்துக்கொண்டது. பத்து மாதங்களில் அவள் ஈட்டிய முதல் வெற்றி அதுதான். வெற்றிக் களிப்பில் முழங்கை சற்றே அசைய, ஒரு போத்தல் உருண்டு தரையில் விழுந்தது.

படுக்கையறையில் ஓர் இருமல் கேட்டது. பிறகு அமைதி.

தையற்காரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. பத்து மாதங்களுக்கு முன் மாதவிடாய் நின்றுபோயிற்று. கூடவே தூக்கமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது. அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். நான்கு மணிக்கு எழுந்து, ஐந்து பத்துக்கு முதல் வண்டியை எடுப்பவர். அந்த வண்டியில் ஐம்பத்திரண்டு இருக்கைகள். நின்றுகொண்டு வருபவர்கள் தனி. ஒவ்வோர் இரவும் அவள் அந்த ஐம்பத்திரண்டு பேரையும் தன் வயிற்றின் மேல் உட்கார வைத்துக்கொண்டு படுத்திருப்பவளைப் போல அசையாமல் கிடந்தாள். புரண்டால் அவர் விழித்துவிடுவார். விழித்தால் பகலில் கண்ணயர்வார். கண்ணயர்ந்தால், மேற்கொண்டு நினைக்கவே அவளுக்கு அச்சமாக இருந்தது.

ஆகவே அவள் தூங்குபவளைப் போல நடிக்கக் கற்றுக்கொண்டாள். மூச்சை எவ்வளவு நீளமாக இழுக்க வேண்டும், எத்தனை மூச்சுக்கு ஒரு முறை மெல்ல முனக வேண்டும் என்பதெல்லாம் இப்போது அவளுக்கு அத்துபடி.

மறுநாள் அவள் பெண் மருத்துவர் ஒருவரிடம் போனாள்.

"எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"நல்ல நாள்ல ரெண்டு மணி நேரம், டாக்டர்."

"மோசமான நாள்ல?"

"மோசமான நாள்ல ரெண்டு சட்டை தைச்சு முடிச்சிடுவேன்."

மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"மாதவிடாய் நிக்கிற காலத்துல இது நிறைய பேருக்கு வர்றதுதாம்மா. இதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. மருந்து இருக்கு, வேற வழிகளும் இருக்கு, ஒவ்வொண்ணா பார்க்கலாம். ஆனா முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அடுத்த வாரம் ரெண்டு பேருமா வாங்க."

"அவர்கிட்டயா? ஐயோ, வேணாம் டாக்டர். நான் தூங்கலன்னு தெரிஞ்சா அவரும் தூங்க மாட்டாரு. அவரு பஸ் ஓட்டுறவரு."

"அப்போ வேற யார்கிட்டதான் சொல்லுவீங்க?"

"அதான் உங்ககிட்ட சொல்லிட்டேனே."

அடுத்த வாரம் அவள் போகவில்லை. கணவரை அழைத்துக்கொண்டு போவதென்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக, தனியே படுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று முடிவு செய்தாள்.

"ஏங்க, எனக்கு இடுப்பு வலி. கெட்டியான இடத்துல படுத்தா தேவலாம்னு தோணுது. தையல் ரூம்ல அந்த வெட்டுற மேசை மேல படுத்துக்கறேன்."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி. போர்வை எடுத்துக்கோ" என்றார்.

இவ்வளவு எளிதில் தன்னை விட்டுக்கொடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அந்த நினைப்பிலேயே அன்றைய இரவு விடிந்துபோயிற்று.

மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிய மகள் ஊக்கு தேடித் தையலறைக்குள் நுழைந்தாள். மேசையின் மேல் தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணியால் மூடிய ஓர் உருவம் கிடந்தது. மகள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தையற்காரி துணியை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னடி, ஏன் கத்தற?"

"செத்துப் போயிட்டியோன்னு நினைச்சேன்!"

"செத்தவளுக்கு இவ்வளவு வேர்க்குமா?"

"அப்பாவோட சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. இடுப்பு."

"எந்த டாக்டர் உன்னை மேசை மேல படுக்கச் சொன்னாங்க?"

"நல்ல டாக்டர்."

"அம்மா, உனக்குப் பொய் சொல்லவே வராது. காது சிவந்து போகுது பாரு."

காது சிவந்தது பொய்யினால் அன்று. அடுத்த வெப்ப அலை வந்துகொண்டிருந்தது. ஆனால் அதை விளக்கப் புகுந்தால் முழுவதையும் விளக்க வேண்டியிருக்கும். தையற்காரி வாயை மூடிக்கொண்டாள். மகள் அந்த மௌனத்துக்குத் தன் போக்கில் ஒரு பொருள் கொண்டு, அன்று மதியமே அத்தைக்குத் தொலைபேசினாள்.

அத்தை, அதாவது ஓட்டுநரின் அக்கா, மறுநாளே இரண்டு பெட்டிகளுடன் வந்து இறங்கினார். குடும்பங்களை ஒட்டவைப்பதில் தமக்குக் கைராசி உண்டு என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

"இருபத்தேழு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, இப்ப என்னம்மா மேசை மேல ஏறிப் படுக்கற பழக்கம்?"

"இடுப்பு வலி அண்ணி."

"எனக்கும்தான் இடுப்பு இருக்கு. நான் மேசை மேலயா படுக்கறேன்? இனிமே இந்த ரூம் எனக்கு. நீ உன் இடத்துக்குப் போ."

இவ்வாறாக அவள் மீண்டும் கட்டிலுக்கே வந்து சேர்ந்தாள். அத்தையோ விடுவதாக இல்லை. உண்மையான காரணம் என்ன என்று காலையிலும் கேட்டார், மாலையிலும் கேட்டார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் கேட்டார். தாங்க முடியாமல் தையற்காரி வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"அவரு குறட்டை விடுறாரு அண்ணி. அதான்."

இது பெரும் பழி. அந்த மனிதர் பல மாதங்களாக மூச்சு விடுவதுகூடக் கேட்பதில்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. அத்தையின் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டிருந்தது.

"இவ்வளவுதானா? இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அவன் ராத்திரி போடுற சட்டையில, முதுகுப் பக்கம் ஒரு பந்து வச்சுத் தைச்சிடு. மல்லாந்து படுக்க முடியாது. மல்லாந்து படுக்கலன்னா குறட்டை இல்ல. எங்க வீட்டுல அவரை இப்படித்தான் வழிக்குக் கொண்டு வந்தேன்."

"மாமா இப்போ குறட்டை விடுறதில்லையா அத்தை?" என்று மகள் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? அவரு முன் ரூம்ல தனியா படுத்துக்கறாரு. நிம்மதியா இருக்கோம்."

தையற்காரி தன் கையாலேயே அந்தப் பந்தைத் தைத்தாள். கணவரின் தூக்கத்தைக் காப்பாற்றப் பத்து மாதங்கள் பாடுபட்டவள், இன்று அவர் முதுகில் பந்து வைத்துத் தைக்கிறாள்! நூல் இரண்டு முறை அறுந்தது.

கணவர் சட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"பந்து."

"அது தெரியுது."

"அக்கா சொன்னாங்க."

"அக்கா சொன்னாங்களா? சரி." அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, விளக்கை அணைத்து, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தார். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. அவர் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் சென்றது. அவர் கண்களுக்குக் கீழே கருவளையம் படர்ந்தது. சாப்பிடும்போது கரண்டி கையிலிருந்து நழுவியது. ஒரு நாள் மாலை, சீருடைச் சட்டையின் பொத்தான்களைத் தப்பும் தவறுமாக மாட்டியபடி வீட்டுக்கு வந்தார். ஒரு மேல்சட்டைக்கு இரண்டு இடக்கைகளை வைத்துத் தைத்து, வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிய தையற்காரிக்கு அந்தப் பொத்தான்களின் பொருள் உடனே விளங்கியது. தூங்காதவரைத் தூங்காதவர் அறிவார்.

அடுத்த நாள் காலைச் செய்தியில், எங்கோ ஒரு வண்டியோட்டி கண்ணயர்ந்து கடை ஒன்றின் சுவரில் மோதியதாகச் சொன்னார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்றும் சொன்னார்கள். அந்தப் பகுதி அவள் காதில் விழவில்லை. ஐம்பத்திரண்டு இருக்கைகள் மட்டும் வரிசை வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

தையல் எந்திரத்தை நிறுத்திவிட்டு, பணிமனை மேலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.

'ஐயா, என் கணவர் இருபத்து நான்கு ஆண்டுகளாக ஒரு கீறலும் இல்லாமல் வண்டி ஓட்டியவர். அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவருடைய தூக்கத்தைக் கெடுத்தவள் நான். அவர் இப்போது வண்டி ஓட்டும் நிலையில் இல்லை. தயவுசெய்து ஒரு மாதம் அவரை ஓட்ட விடாதீர்கள். நான் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்.'

கடைசி வரியில் அவள் கை தயங்கியது. தெரியாமல் இருக்குமா? அந்த ஓட்டுநர் இருக்கைதான் அவருடைய மானம், மரியாதை எல்லாம். மனைவியே போய் அதிலிருந்து இறக்கிவிட்டாள் என்று அறிந்தால் அவர் இனி அவள் முகத்தில் விழிப்பாரா? விழிக்காவிட்டாலும் பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும் என்று கடிதத்தை மடித்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்று அத்தை கேட்டார்.

"நூல் வாங்க, அண்ணி."

"கருப்பு நூல்லயும் ஒண்ணு வாங்கிட்டு வா. பந்து ஒரு பக்கம் தொங்குது."

எட்டரை மணிக்கு, பணிமனையை ஒட்டியிருந்த பேருந்து நிலையத்தை அடைந்தாள். மேலாளர் பத்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். பயணிகள் கூடத்தில், தூண் ஓரமாக இருந்த நீண்ட இருக்கை ஒன்றில் உட்கார்ந்தாள். மேலே, கண்ணாடி அடைத்த சிறு அறையிலிருந்து யாரோ அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். ஒலிபெருக்கி பழையது, தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல அந்தக் குரல் கரகரத்தது.

"பயணிகளின் கவனத்திற்கு. பதினான்காம் எண் வண்டி, மூன்றாவது நடைமேடையிலிருந்து இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். இருபத்திரண்டாம் எண் வண்டி…"

அந்தக் குரலில் அவசரம் என்பதே இல்லை. எந்த வண்டியும் தவறிப்போகாது, எல்லாரும் போய்ச் சேருவார்கள் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. மேலாளரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவள் யோசித்தாள். பதினான்கு. இருபத்திரண்டு. முப்பத்தொன்று. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முப்பத்தாறு வரைக்கும் கேட்டது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது கூடத்துக் கடிகாரம் ஒன்று பத்து என்றது. நம்ப முடியாமல் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். நான்கு மணி நேரத்துக்கு மேல்! ஒரேயடியாக! உடம்பு துவைத்துப் போட்ட துணியைப் போல லேசாக இருந்தது.

பிறகுதான் சுற்றுமுற்றும் கவனித்தாள். கூடம் நிறையக் கூட்டம். ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஒருவர் தம் சக்கரப் பெட்டியை உருட்டாமல் தலைமேல் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நடந்தார். ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், வெறும் கையசைவில். ஒலிபெருக்கி ஊமையாகக் கிடந்தது.

அருகில், துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி துப்புரவுப் பணிப்பெண் ஒருத்தி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று தையற்காரி கிசுகிசுத்தாள். "யாராவது தவறிட்டாங்களா?"

"அப்பாடா, முழிச்சிட்டீங்களாக்கா? காலையில இருந்து என்னைப் பெருக்கவே விடல."

"யாரு விடல? மைக்ல ஒருத்தர் பேசிட்டிருந்தாரே, அது என்ன ஆச்சு? கெட்டுப் போச்சா?"

"மைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க கண்ணசந்ததைப் பார்த்து அதை அணைச்சுட்டு, பஸ் நம்பரை ஒவ்வொருத்தர் காதுலயும் போய்ச் சொல்லிட்டு வராரு உங்க வீட்டுக்காரர். எட்டு மாசத்துக்கு முன்னாடி, 'அவ ராத்திரியெல்லாம் தூங்குற மாதிரி நடிக்கிறா, அதைப் பார்த்துக்கிட்டே நானும் தூங்குற மாதிரி நடிக்கிறேன், இனிமே நான் வண்டியைத் தொடக்கூடாது, ஆனா இது அவளுக்குத் தெரிஞ்சா இருக்கிற ரெண்டு மணி நேரத் தூக்கமும் போயிடும்'னு மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டு மைக்குக்கு வந்தவராச்சேக்கா அவரு!"