ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் ரத்து

வட்டக்கச்சியில் கோயில் அம்மாளே காப்புறுதிக் கொம்பனி திறந்துவிட்டாள். முகவர், குகதாச சுவாமிகள். அறுபது தாண்டியவர்கள் ஐயாயிரம் ரூபாய் கொடுத்துச் செப்புத்தகடு ஒன்றைக் கையில் கட்டினால் போதும், சகல நோய் வருத்தமும் அம்மாள் பொறுப்பு. ஒரேயொரு நிபந்தனை: ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் காப்புறுதி ரத்து. கெட்டிக்கார அம்மாள்!

விசுவமடுவிலிருந்தும் ஓட்டோ பிடித்துச் சனம் வந்தது. சுவாமியின் வாசலில் சீடர்கள், வருத்த விபரம் எழுதிய கிளினிக் கொப்பிகளை 'ஆசீர்வாதத்துக்கு' வாங்கி, இலக்கத் துண்டு கொடுத்து, கொப்பிகளைக் கட்டுக்கட்டாக உள்ளறைக்கு அனுப்பினார்கள். சுவாமி கண்ணைக் கட்டிக்கொண்டு, முன்னால் வாய் திறவாமல் இருப்பவரின் பெயரையும் வருத்தத்தையும் புட்டுப்புட்டு வைத்தார். கொப்பியில் உள்ளதுதானே வருகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மெய்சிலிர்க்கவே நேரம் சரியாக இருந்தது.

அழகம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பிரதேச செயலகத்தில் முதியோர் சேவை பார்க்கும் சுமித்திரா, அலைந்து திரிந்து வியாழக்கிழமைக்குச் சத்திரசிகிச்சை நாள் எடுத்திருந்தாள். லென்சுக்கும் உதவி பிடித்திருந்தாள். இதைத் தவறவிட்டால் இன்னொரு நாள் கிடைப்பதற்குள் பார்வையே போய்விடலாம்.

"நான் வரேல்லைப் பிள்ளை, தகடு கட்டப்போறன். சாமி வருத்தத்தை அப்பிடியே சொல்லுறார்," என்றார் அழகம்மா.

சுமித்திராவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரி அம்மா. உங்கட கொப்பியை விட்டிட்டு ஐயாவின்ர கொப்பியைக் குடுங்கோ. அப்பவும் உங்கட வருத்தத்தைச் சரியாச் சொன்னால், நானும் ஒரு தகடு கட்டுறன்."

ஐயா என்றால் அழகம்மாவின் கணவர் தவராசா. சந்தோஷமாகக் கொப்பியை எடுத்துக் கொடுத்தார்.

இருபத்தேழாம் இலக்கம். அழகம்மா போய் முன்னால் இருந்தார்; சுமித்திரா பக்கத்தில் நின்றாள். சுவாமி கண்கட்டோடு கையை உயர்த்தினார்.

"மகனே தவராசா! சலம் போறது கஷ்டம். புரொஸ்டேட் வீங்கிப்போச்சு. கவலைப்படாதை, அம்மாள் கரைப்பா!"

"சாமி," என்றார் அழகம்மா, "நான் நாலு பிள்ளை பெத்தனான்."

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. சுவாமி பதறிப்போய்க் கண்கட்டை இழுக்க, தலைப்பாகையும் கூடவே வந்தது. காதில் ஒரு இயர்போன். சுமித்திரா அதைப் பிடுங்கி அழகம்மாவின் காதில் வைத்தாள். உள்ளறையில் சீடன் இன்னும் மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தான்: "அடுத்தது இருபத்தெட்டு, சீனி வருத்தம்."

சனம் கொப்பியையும் காசையும் பறித்தெடுத்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும் வான் வண்டியில் அழகம்மா முன் சீட்டில் ஏறினார். பெரியவர் ஒருவர் ஓடிவந்து சுமித்திராவை மறித்தார்.

"பிள்ளை, இவர் கள்ளச்சாமி. அப்ப உண்மையான சாமி எங்க இருக்கிறார்?"

கண்ணில் விழுந்த புரையை எடுக்க ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது. புத்தியில் விழுந்ததை அவரவர்தான் உரித்தெடுக்க வேண்டும்.