நிலக்கரித் தூசியும் வெள்ளி முடி அரசியும்

நான் ஒரு கறுப்பு அரசிக்கு எதிராகக் கொடி பிடித்தவன். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஏனென்றால் நான் என்ன நிறம் என்று நேரில் பார்த்தவர்கள் காரைக்காலில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஏழு பாகங்கள் கொண்ட ஓர் ஆங்கில மாயாஜால நாவல். (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இணையத்தில் என் பழைய பின்னூட்டங்களைத் தோண்டி எடுத்துவிடுவீர்கள்.) கல்லூரிக் காலத்தில் அதை மூன்று முறை படித்திருக்கிறேன். அதில் வரும் நதிகளின் அரசிக்குப் பால் நிற மேனி, இடுப்பு வரை வெள்ளி முடி. அது தொலைக்காட்சித் தொடராக வந்த அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அரசி படகிலிருந்து இறங்கினாள். கறுப்பு. என் பெரியப்பா மகளின் நிறம். முடியும் கறுப்பு, அதுவும் சுருட்டை.

எனக்குத் திக்கென்றது. உடனே ரசிகர் குழுவில் நாலு பத்தி எழுதினேன். "எனக்கு நிறவெறி கிடையாது. ஆனால் புத்தகத்துக்கு உண்மையாக இருக்க வேண்டாமா?" பாராட்டுகள் குவிந்தன. அப்புறம்தான் பாராட்டியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்தேன். அந்த நடிகையின் மூக்கை, உதட்டை, பிறப்பை எல்லாம் இழுத்திருந்தார்கள்.  அவர்கள் என்னைச் சகோதரா என்று வேறு அழைத்தார்கள். நேரில் பார்த்திருந்தால் அழைத்திருப்பார்களா?

சந்தேகம்தான். குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது, பெண் வீட்டாருக்குக் கொடுப்பதற்காக எடுத்த படம். ஸ்டூடியோக்காரர் முகத்தை நன்றாக வெளுத்துவிட்டு, அவசரத்தில் காதுகளை மறந்துவிட்டார். முகம் ஐரோப்பா, காது இரண்டும் கீழவாஞ்சூர். (அங்கேதான் துறைமுகத்தில், நிலக்கரி லாரிகளை எடை போடும் இடத்தில் எனக்கு வேலை.) எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். சரியாகத்தானே சொன்னேன் என்றும் தோன்றியது. குழம்பிப் போய் அப்படியே விட்டுவிட்டேன்.

அதே படத்தை ஒட்டி அம்மா ஒரு பயோடேட்டா தயாரித்தாள். நிறம்: மாநிறம்.

"நான் எங்கம்மா மாநிறம்?"

"எல்லாரும் அப்படித்தாண்டா போடுவாங்க. கறுப்புன்னு போட்டா எவன் பொண்ணு குடுப்பான்?"

வரிச்சிக்குடியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் கயல்விழி, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். அவள் பயோடேட்டாவில் 'நிறம்: கறுப்பு' என்று பட்டவர்த்தனமாக இருந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். ஒன்பது பொருத்தம் இருந்ததால் மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கயல்விழி தலையைக் குனியாமல் வந்தாள், அசோகா அல்வாவை வைத்தாள், எதிரில் உட்கார்ந்து என்னை நேராகப் பார்த்தாள். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும்.

"ரெண்டு பேரும் மாடிக்குப் போயிப் பேசிட்டு வாங்க" என்றார் அவள் அப்பா.

மொட்டை மாடியில் அவள்தான் ஆரம்பித்தாள். "ஹாபி வாசிப்புன்னு போட்டிருக்கீங்க. நெசமாவே படிப்பீங்களா, சும்மா போட்டதா?"

நாவலின் பெயரைச் சொன்னேன். "அய்யோ, ஏழு பாகமும் நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேங்க! சீரியல் பாத்தீங்களா?"

நான் வாயை மூடிக்கொண்டு அந்த நிமிஷமே கீழே இறங்கியிருக்க வேண்டும்.

"பாத்தேன். மத்ததெல்லாம் பரவாயில்ல. அரசியைத்தான் கெடுத்துட்டாங்க. புத்தகத்துல பால் மாதிரி வெள்ளைன்னு இருக்கு. இங்க பாத்தா..."

யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"எனக்குக் கறுப்புன்னா ஒண்ணும் இல்லீங்க. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கறுப்புதான். ஏன், நானே..."

அவள் கோபப்படவில்லை. தப்பான விடை எழுதிய பையனிடம் கேட்பது போலக் கேட்டாள். "சதுப்புநிலத்து ஆளுங்க வர்றாங்கல்ல, ஊரைக் கொளுத்துறவங்க? அவங்க என்ன நிறம்னு புத்தகத்துல இருக்கு?"

யோசித்தேன். "எழுதலையே."

"சீரியல்ல?"

"எல்லாரும் கறுப்பு."

"அது உங்களுக்கு உறுத்தலையா?"

உறுத்தவில்லை. அவர்கள் கொத்துக் கொத்தாக வெட்டுப்பட்டு விழுந்தபோது நான் முறுக்குத் தின்றுகொண்டே கைதட்டியிருந்தேன். எனக்கு ஒரு வேஷம் கொடுத்தால் எந்தக் கூட்டத்தில் நிறுத்துவார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மனசுக்குள் நான் எப்போதும் அரசியின் படைத்தளபதி. எனக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்த வெள்ளி முடி போனது வருத்தமாகவும் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே மண்டையில் இருக்கின்றன என்று புரியாமல் தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"புத்தகத்துல உள்ளபடிதான் இருக்கணும்னா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "உங்க பேப்பர்ல மாநிறம்னு இருந்துச்சு. நான் வேற ஒருத்தரை எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன்."

விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் அம்மா அவள் அப்பாவிடம் உருகிக்கொண்டிருந்தாள். "பாருங்கண்ணே, பொறக்கும்போது ரோசாப்பூ மாதிரி இருந்தான். நிலக்கரி கொட்டுற எடத்துல வேலையா, எல்லாம் தூசி. ஒரு மாசம் லீவு போட்டா போயிடும்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் அதாங்க. வயக்காட்டு வேலை. அம்பது வருசமா லீவே கெடைக்கல."

கயல்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து வந்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். "யோசிச்சுச் சொல்றோங்க" என்று அனுப்பி வைத்தார்கள். பஸ்ஸில் அம்மா, "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தேன்?" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

அன்றே அந்த நாலு பத்தியையும் அழித்தேன். ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் செய்தி வந்தது. "கயல்விழி. ஸ்டூடியோக்காரர் கை படாத படம் ஒண்ணு இருந்தா அனுப்புங்க."

லாரிகளுக்கு நடுவே நின்று, முகத்தைக்கூடத் துடைக்காமல் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பதில் வருவதற்குள் நாலு லாரியைத் தப்பாக எடை போட்டிருப்பேன்.

"இவரு பரவாயில்ல. வரச் சொல்லுங்க."

இப்போது அந்தத் தொடரை இருவரும் சேர்ந்துதான் பார்க்கிறோம். அரசி வாய் திறந்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது, அவ்வளவு நன்றாகச் செய்கிறாள். ஆனாலும் மனம் ஒரு கணம் வெள்ளி முடியைத் தேடுகிறது. சதுப்புநிலத்துக்காரர்கள் வந்தால் கைதட்டவும் முடிவதில்லை, எழுந்து போகவும் மனம் வருவதில்லை. நான் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். குழந்தை என்ன நிறமாக வரும் என்பது காதில்தான் தெரியும் என்பது எங்கள் பக்கத்து விஞ்ஞானம். அம்மா ஆஸ்பத்திரியில் பேத்தியை வாங்கிய கையோடு காது மடலைத் திருப்பினாள். முகம் சுண்டிப்போனது.

"காது கறுப்பா இருக்கேடா."

கட்டிலில் களைத்துப்போய்ப் படுத்திருந்த கயல்விழி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"தூசி, அத்தை. ஒரு மாசம் லீவு போட்டா போயிடும்."

 குழந்தை பயந்துவிடும் அளவுக்கு அம்மா சிரித்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து யாராவது பேத்தியின் நிறத்தைப் பற்றி இழுத்தால், அவளுக்கு லீவ் லெட்டர் எழுதித் தரச் சொல்லிப் பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைப்பது அம்மாதான்.