குடை மாமாவின் தடிக்காத கை

குடை மாமா! அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே, தன் தலையை வெயிலில் காயவிட்டு ஒரு பிளாஸ்குக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்த மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

அவர் காசநோய்த் தடுப்பூசி போடுகிறவர். திருச்சுழி பஸ் நிற்கும் இடத்தில் எங்கள் சோடாக்கடை. பிளாஸ்குக்கு ஐஸ் வாங்கத்தான் முதலில் வந்தார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். "உள்ள என்ன மாமா?" என்று கேட்டேன்.

"உசுரு தாயி. மருந்துக்குள்ள கிருமி உசுரோட இருக்கு. சாதுவாக்கி வச்சிருக்காக. வெயிலு பட்டா செத்துரும்."

பஸ்ஸில் ஏறினால் பிளாஸ்கை நிழல் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு அவர் நிற்பார். கண்டக்டர் ஒருநாள், "ஏன்யா, சாமான் உக்காந்து வருது, ஆளு நிக்கீரு?" என்றார்.

"அது உசுரோட இருக்குப்பா."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடும்!"

எடுத்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துப் பிளாஸ்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் வேலை இப்படி. முதலில் முன்கையில் சோதனை ஊசி. மூன்றாம் நாள் வந்து தடவிப் பார்ப்பார். தடித்திருந்தால் உடம்பு அந்தக் கிருமியை முன்னமே பார்த்திருக்கிறது. தடிக்காத பிள்ளைகளுக்குப் பிளாஸ்கில் இருக்கும் மருந்து. பெரியவர்களுக்குச் சோதனை மட்டும்தான். ஆனால் பக்கத்து ஊரான பரளச்சியில் கிழவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். தடித்தவன் ஆம்பளை, தடிக்காதவன் போய்ச் சேரவேண்டியவன். கையை நீட்டி நீட்டிப் போட்டியே நடந்தது.

அந்த ஊர் மூக்கையா தாத்தாவுக்கு ரெண்டு நாளாகியும் தடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, கறுத்து, நீர் கோத்திருந்தது. துணிக்குக் குறி போடும் சேராங்கொட்டையை எடுத்துத் தேய்த்திருக்கிறார்!

"தாத்தா, இது என் ஊசிக்கு வீங்குன வீக்கம் இல்லையே."

"எவன் ஊசியா இருந்தா என்னலே, வீங்கிருச்சுல்ல? எழுதுடா."

ஊரே சிரித்தது. குடை மாமா சிரிக்கவில்லை. தாத்தாவின் பெண்சாதி இருமி இருமியே செத்தவள். "அந்த வீட்டுக்குள்ள அம்புட்டு நாளு இருந்த ஒடம்பு தாயி. கிருமியப் பாக்காமயா இருந்திருக்கும்? வயசானதும் மறந்துபோச்சு. இனி கிருமி வந்து கதவைத் தட்டுனாலும் ஒடம்பு எந்திரிக்காது."

அன்றைக்குப் பிடித்தது அவருக்கு அந்தக் கிறுக்கு. கிழவர்களுக்கும் தடுப்பு மருந்து வேண்டும். பிள்ளைகளுக்குப் போடுவது மட்டும் போதாது, மருந்தையே திருத்தவேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எங்கள் கடையில் சோடா குடிக்க வந்த டாக்டரைக்கூட விடவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "மருந்தோட பலத்தைக் கூட்டுனா கெழட்டு ஒடம்பு தாங்கணும். கொறச்சா அது முழிக்கணும். ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கிறதுன்னு கண்டுபிடிக்கணும்யா. நீரு யாருக்கும் போட்டுப் பாத்துராதேயும்."

யாருக்கும் போடவில்லை. தன் கையிலேயே சோதனை ஊசி குத்திக்கொண்டு, மூன்றாம் நாள் வந்து கையை நீட்டினார்.

"எந்திருச்சிருக்கா பாரு தாயி."

தடவிப் பார்த்தேன். "தரை மாதிரி கெடக்கு மாமா."

"நம்ம கம்மாயி மாதிரின்னு சொல்லு. எம்புட்டு மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு நிக்காது."

சொல்லிவிட்டுச் சட்டைக்கையை இறக்கி விட்டுக்கொண்டார். ரிட்டயராகப் போகிற வயசில், ஊர் ஊராய் இருமுகிறவர்கள் நடுவே அலைகிற மனுஷன். அந்தக் கை தடிக்காததற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த வருஷம் இருமல் வந்தது. கோழையில் ரத்தம் கண்ட அன்றே பிளாஸ்கை ஆபீஸில் ஒப்படைத்துவிட்டார். அதற்கப்புறம் கடைக்குள் வரமாட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார்: "பாட்டிலை அங்ஙனயே வச்சிட்டுத் தள்ளிப் போ தாயி! பக்கத்துல வந்தேன்னா ஊசி போட்டுருவேன்!"

மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தினமும் ஊசி, கை நிறைய மாத்திரை. நோய் முந்திக்கொண்டது. போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கவிட்டார். உடம்பில் எலும்புதான் மிச்சம்.

"அழுகாத. கெழட்டு ஒடம்பத் தட்டி எழுப்புற மருந்து கண்டிப்பா வரும். நான்தேன் கொஞ்சம் முன்னாடி வந்துட்டேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸம்மா வந்து ஜன்னலைச் சாத்தினார்கள். பங்குனியில் போய்விட்டார்.

அந்த மருந்தை எங்கேயோ யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது சீக்கிரம் கிடைக்கட்டும். எனக்குச் சாமி கும்பிட வரவில்லை; விளக்கேற்றி உட்கார்ந்தால் சாமியோடு சண்டைதான் வருகிறது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, நீங்கள் எங்கே போனாலும், எங்கள் குடை மாமாவுக்காக எல்லோரும் கொஞ்சம் வேண்டிக்கொள்ளுங்கள்.