முதுகெலும்புக்கு நான்கு பேர்

இன்னும் இருபத்தொரு மணி நேரம் இருந்தது. சுவர்க் கடிகாரம் எட்டு மாதமாகப் பத்து இருபதில் நிற்பதால், கைப்பேசியைப் பார்த்துத்தான் அவள் கணக்கிட்டாள். நாளை பகல் பதினொரு மணிக்கு ஆய்வு.

அவளுடையது ஸ்பிரிங் பட்டறை. பேனாவுக்கு, பூட்டுக்கு, எலிப்பொறிக்கு என்று கம்பியைச் சுருட்டி ஸ்பிரிங் செய்வாள். அறை அரசுக் கட்டடத்தில் இருந்தது. சிறுதொழில் துறையின் கடிதம், சிறுதொழில்களே நாட்டுப் பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று தொடங்கியது. நான்கு பேராவது வேலை செய்யாத பட்டறைகள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று முடிந்தது.

பட்டறையில் வேலை செய்வது அவள் ஒருத்திதான்.

"முதுகெலும்புன்னா நாலு எலும்பாவது வேணும்ல?" என்றார் மாமியார். "என்னையும் சேர்த்துக்கோ. பேக்கிங் பண்றேன்னு சொல்லு."

எதிர்க்கடைத் தையல்காரரும் பக்கத்துக்கடை முடிதிருத்துபவரும் ஆளாக நிற்கச் சம்மதித்தார்கள். அன்று பிற்பகலே கம்பி சுற்றக் கற்றுக்கொடுத்தாள். தையல்காரருக்குச் சட்டென்று வந்துவிட்டது. முடிதிருத்துபவர் சுற்றியதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, நுனியை மூன்று முறை ஒட்ட வெட்டினார்.

"போதும்ண்ணே. இது திரும்ப வளராது."

மறுநாள் அதிகாரி சரியான நேரத்துக்கு வந்தார். உடன் இரண்டு உதவியாளர்கள். ஒருவர் எழுதினார். மற்றவர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"நாலு பேர். சரி" என்று அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். வாசலில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஒருவர் வந்து நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா உட்காருறது?" என்று முடிதிருத்துபவரைக் கேட்டார்.

"இவர் யாரு?" என்றார் அதிகாரி.

"அஞ்சாவது ஆளு சார்" என்றாள் அவள். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"முகத்துல என்ன?"

"கம்பித் தூசி படக்கூடாதுன்னு சார்."

நுரைக்காரர் வாயைத் திறந்தார். மாமியார் அவர் கையில் ஓர் அட்டைப் பெட்டியைத் திணித்தார்.

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "அஞ்சு பேர்னா பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒருத்தர் வேணுமே."

"நான்தான்" என்றார் மாமியார்.

"நீங்க பேக்கிங்னு சொன்னாங்க?"

"பாதுகாப்பாத்தான் பேக் பண்றேன்."

"ஒருத்தர் ரெண்டு வேலை பார்க்கக்கூடாதும்மா. அப்ப பேக்கிங் யாரு?"

எல்லோரும் நுரைக்காரரைப் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்குங்க" என்றார் அவர்.

தையல்காரர் இதில் எதையுமே கேட்கவில்லை. அதிகாரியின் சட்டையில் ஒரு பொத்தான் ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் தன் காலரிலிருந்து ஊசியை எடுத்தார், நாலு தையல் போட்டார், நூலைப் பல்லால் கடித்தார்.

"எவன் தச்சான் சார் இதை?"

அதிகாரி பொத்தானைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். "நீங்க ஸ்பிரிங் சுத்துறவர்தானே?"

பெட்டியின் மேல் ஒரு சொட்டு நுரை விழுந்தது.

"சார், பட்டறையில நான் ஒருத்திதான்" என்றாள் அவள். "அவங்க என் அத்தை. மத்தவங்க அக்கம்பக்கத்துக் கடைக்காரங்க. இந்த அறை போச்சுன்னா மெஷினைத் தூக்கிட்டு எங்க போவேன்?"

அதிகாரி பேனாவை மூடினார். "ஆள் இல்லாம ஆள் இருக்கிற மாதிரி காட்டுறது மோசடிம்மா. துறைக்கே அவமானம். நாளைக்கே காலி பண்ணுங்க."

அப்போது சுவரில் டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

கோப்புக்காரர் ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். கையில் கடிகாரத்தின் பின்மூடி. கோப்பு தரையில் விரிந்து கிடந்தது. உள்ளே எல்லாம் வெள்ளைத்தாள்.

"இறங்குய்யா" என்றார் அதிகாரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மன்னிச்சிருங்க சார். நின்ன கடிகாரத்தைப் பார்த்தா என் கையும் சும்மா இருக்காது." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க காலி பண்ணாதீங்கக்கா. எனக்கு அடுத்த தெருவுல கடிகாரக் கடை, எழுதுறவருக்குச் சாவிக் கடை. மூணு பேராவது இல்லைன்னா ஆபீஸையே மூடிருவாங்களாம். அந்தத் துறையில இருக்கிறது சார் ஒருத்தர்தான்."