என் முதுகிலுள்ள வரிகள் தொடர்பாக

ஹம், ஜெர்மனி,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய கணேசலிங்கம் அண்ணை அவர்கட்கு,

நாங்கள் இங்கே நலம். டோர்ட்மண்டில் நீங்களும் அக்காவும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறோம். மரியாதைக்கு எழுதவேண்டியதை எழுதியாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. வாட்சப்பில் அனுப்பியதை வாசிக்கிறீர்கள், பதில் இல்லை. ஆகவே தபாலை நம்பி எழுதுகிறேன். என் மகள் தர்மிகாவுக்கும் உங்கள் மகன் கவிஷனுக்கும் பேசி முடித்த சம்பந்தத்தை, என் முதுகைப் பார்த்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். தகப்பனுடைய முதுகுக்காக மகளின் கல்யாணம் நின்றதாக நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நான் பத்தொன்பது வருஷமாகத் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவன். மாசி மாதம் இரண்டு தோளும் இறுகிப்போய், கை காதுக்கு மேல் போகாமல் நின்றுவிட்டது. தலை வாரி இழுத்து விடுவதற்கே பெண்சாதி குணேஸ்வரி வரவேண்டிய நிலைமை. குடும்ப வைத்தியர் மாத்திரை தந்தார். எலும்பு வைத்தியரிடம் டெர்மின் என்று நாள் கேட்டால் கார்த்திகையில் வரச் சொன்னார்கள். கோயில் திருவிழாவோ ஆனியில். நீங்கள் முதன்முறை எங்கள் கோயிலுக்கு வருகிறீர்கள், சம்பந்தி முன்னால் சுவாமியைத் தோளில் காவவேண்டும் என்று ஆசைப்பட்டுப் பேர் கொடுத்தவன் நான். அப்போதுதான் தர்மிகா, "அப்பா, டோர்ட்மண்டில கொரியன் வைத்தியம் செய்யிற ஒரு ஆள் இருக்கிறா, வெள்ளிக்கிழமைக்கு டெர்மின் எடுத்திட்டன்" என்றாள். பிள்ளை சொன்னால் தட்ட ஏலுமா? போனேன்.

அந்த அம்மாவின் பெயர் ஃபிராவ் மின். தாய் தாதி வேலைக்கும் தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்துக்குமாக அந்தக் காலத்தில் இங்கே வந்தவர்களாம். இவ டோர்ட்மண்டிலேயே பிறந்து, கொரியாவுக்குப் போய்ப் படித்து வந்தவ. என்னைக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெய் பூசினா. எண்ணெய் எங்களுக்குப் புதிதா என்று நானும் நிம்மதியாகக் கண்ணை மூடினேன். பிறகு ஒரு உருக்குத் தகடு எடுத்தா அண்ணை, நாக்கு வழிக்கிற தகட்டுக்கு மூத்த தமையன் மாதிரி ஒன்று. கழுத்தடியில் வைத்துத் தோள்மூட்டு வரைக்கும் வழி வழியென்று வழிக்கத் தொடங்கினா. இதற்குக் குவால்சா என்று பேராம், தோலுக்குக் கீழே இறுகின தசையை இளக்குகிற வேலையாம். நான் முருகனைக் கூப்பிட்டேன், அவ ஜெர்மனில் "மிக நல்லது" என்றா. கடைசியில் ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்துக் கேட்டா, போட்டேன். சிவப்பு ஒரு கிழமைக்கு இருக்கும் என்று அதில் எழுதியிருந்ததாம். இந்த நாட்டில் எந்தத் தாளை நாங்கள் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், நீங்களே சொல்லுங்கோ.

திருவிழாவன்று, ஞாயிறு காலையில் கண்ணாடியில் பார்த்தால் முதுகு முழுக்க ஈர்க்காலே விளாசினது போல வரி வரியாகச் சிவப்பு. கோயிலிலோ ஆம்பிளையள் மேல்சட்டையோடு நிற்க ஏலாது. குணேஸ்வரி ஒரு கிண்ணம் சந்தனம் கரைத்து முதுகில் மெழுகினா. அதற்கு மேலே சால்வையைப் போர்த்தேன். ஐயர் கண்டுவிட்டு, "அண்ணை, சால்வையை இடுப்பில கட்டுங்கோ" என்றார். கட்டினேன். அன்றைக்கென்று முப்பத்துநாலு பாகை வெயில். சுவாமியோடு கார் தரிப்பிடத்தைப் பாதி சுற்ற முதலே சந்தனம் வேர்வையில் கரைந்து வேட்டிக்குள் போய்விட்டது. முதுகு வெட்டவெளியாகிவிட்டது. எனக்கு நேர் பின்னால் நீங்கள்.

அதோடு விட்டதா? முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிற கம்சனா, உங்களுக்கும் அக்காவுக்கும் முன்னால் வந்து, "அண்ணை, வெக்கப்படாதேங்கோ, ஆம்பிளையளுக்கும் உதவி இருக்கு" என்று, வீட்டில் அடிவாங்கும் ஆண்களுக்கான துண்டுப்பிரசுரம் ஒன்றை என் இடுப்புச் சால்வையில் செருகினா.

"பிள்ளை, இது வைத்தியம்" என்றேன்.

"எல்லாரும் முதல்ல இப்பிடித்தான் சொல்லுறவை" என்றா.

அந்த நேரம் பார்த்துக் குணேஸ்வரி அன்னதானத்து அகப்பையும் கையுமாக வந்து, "இஞ்ச நிண்டு என்ன கதை, சாப்பிட வாங்கோ" என்று கூப்பிட்டா. நான் உடனே போனேன். பசியில் போனேன் அண்ணை, பயத்தில் அல்ல. திரும்பி வந்து பார்த்தால் உங்கள் காரைக் காணவில்லை. இரவு போனில் என்ன சொன்னீர்கள்? "கவிஷன் எங்களுக்கு ஒரே பிள்ளை, பெடியன்ர முதுகையும் நாங்கள் பார்க்க வேணும்தானே." அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது. தர்மிகா கடிக்கிற நுளம்பை அடித்தாலும் பாவம் என்கிற பிள்ளை. நாலு நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, அழுதுபோட்டு வேலைக்குப் போகிறாள். முப்பத்தொரு வருஷத்தில் குணேஸ்வரி இந்த முதுகில் சவர்க்காரமும் சந்தனமும் தவிர வேறொன்றும் வைத்ததில்லை. இதை எந்தச் சந்நிதியிலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அந்த வரிகள் யாவும் ஃபிராவ் மின் போட்டவை என்பதற்கு, அவவிடமே வாங்கிய அத்தாட்சிக் கடிதத்தை முத்திரையோடு இத்துடன் வைத்திருக்கிறேன். வாசித்துவிட்டு, ஒரு பெண்சாதியை அநியாயமாகச் சந்தேகித்ததற்கு வருத்தம் தெரிவித்து, கல்யாண நாளைக் குறித்து அனுப்புங்கோ.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் நோவு சுகப்பட ஆண்டவன் அருள்வாராக, அந்தத் தகட்டுக்காரியிடம் மட்டும் போய்விடாதேங்கோ.

இப்படிக்கு,
மாசுமறுவற்ற குடும்பத்தின் தலைவன்,
சி. உருத்திரமூர்த்தி

பி.கு.: உறையை ஒட்ட முதல் தர்மிகா அத்தாட்சியை வாசித்துப் பார்த்தாள். அதில் வலது தோள் மட்டும் என்று எழுதியிருக்கிறது. உண்மைதான். இடது தோளுக்கு மூன்று கிழமை கழித்துத்தான் டெர்மின் கிடைத்தது. "இதுக்குப் போய் டோர்ட்மண்டுக்கு அலையிறதோ" என்று சனிக்கிழமை குணேஸ்வரி சூப் கரண்டியாலே அதை வழித்து முடித்துவிட்டா. நீங்கள் கண்டவற்றில் ஆழமான வரிகள் அந்தப் பக்கத்தவைதான். இப்போது தலைக்கு மேல் போகிறதும் அந்தக் கைதான். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. நீங்கள் என்ன சொன்னாலும் கல்யாணம் நடக்கும் என்று தர்மிகாவுக்குச் சொல்ல, உங்கள் கவிஷன் இன்று பின்னேரம் இங்கே வந்தவர். வந்த இடத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து கழுத்து பிடிச்சுப்போச்சு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான் எழும்ப முதல் குணேஸ்வரி கரண்டியை எடுத்துவிட்டா. "நல்லாயிருக்கு மாமி, இன்னும் கொஞ்சம் அழுத்துங்கோ" என்று கேட்டவர் அவரேதான். இந்தக் கடிதத்தையும் தபாலில் போடாமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கொண்டுவருகிறவருடைய மேல்சட்டையை ஒரு கிழமைக்குக் கழற்றிப் பார்க்கவேண்டாம்.