லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

ஒரு குடும்பத்தில் ஒரே ஒருத்தி மட்டும் படித்திருந்தால், அந்த வீட்டில் கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் அவள்தான் டாக்டர். எங்கள் வீட்டு டாக்டர் நான். அப்பா லாரி ஓட்டுகிறவர். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே என்னிடம்தான். நான் கம்ப்யூட்டர் பட்டதாரி. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். (அவர்கள் கேட்டு நான் சொன்னதில்லை. நானாகச் சொன்னதுதான்.)

என் லேப்டாப் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் வாங்கியது. ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்து ஓய்ந்து, இரண்டாம் கையாக என்னிடம் வந்தது. ஊரெல்லாம் வைத்திருக்கும் சிஸ்டம் எனக்கு எதற்கு என்று அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். இலவசம். உள்ளே இருப்பதெல்லாம் திறந்த புத்தகம். யார் வேண்டுமானாலும் கைவைத்துத் திருத்தலாம். (அந்த ‘யார் வேண்டுமானாலும்’ என்பதில் நானும் அடக்கம் என்பதுதான் அதில் இருந்த ஆபத்து.)

அப்போது எனக்கும் அப்பாவுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தீபாவளிக்குள் வேலை கிடைத்தால் நான் சொன்னபடி. கிடைக்காவிட்டால் பரமத்தி வேலூரில் வாழைத்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வரும். இந்த நிலையில்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி இணையம் வழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அவர்களுக்கு விஜயதசமி என்றால் என்னவென்றே தெரியாது. அன்று காலை பத்து மணிக்கே வைத்துவிட்டார்கள். என்ன வேலை தெரியுமா? லினக்ஸில் கோளாறு வந்தால் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலை. (சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.)

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தப்பிக்கிற சாமான் எதுவும் கிடையாது. லாரி, ஜாக்கி, ஸ்பேனர், அரிவாள்மனை, மிக்ஸி என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாக வேண்டும். அம்மா ஈரத்துணியோடு என் லேப்டாப்பை நெருங்கியதும் நான் பாய்ந்தேன்.

“அம்மா! அது என்ன ஜாக்கியா? தண்ணி பட்டாப் போயிரும்!”

“ஏஞ்சாமி, நாளைக்கு உனக்குச் சோறு போடப்போற சாமான். அதுக்குப் பொட்டு வெக்காம உடறதா?”

“ஸ்கிரீன்ல வெக்காத. கீபோர்டுல வெக்காத. கேமரா பக்கமே போகாத.”

“அப்பறம் எங்கதான் வெக்கறது? நீயே சொல்லு.”

“ஓரமா எங்கயாச்சும் வெச்சுத் தொலை!”

(இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இன்றுவரை வைத்திருக்கிறார்.)

மறுநாள் காலை மறுபூஜை முடித்து, கற்பூர வாசனையோடு லேப்டாப்பை எடுத்துத் திறந்தேன். வைஃபை இல்லை. பக்கத்து வீட்டு வைஃபையும் இல்லை. உலகத்திலேயே வைஃபை என்ற ஒன்று இல்லாததுபோல் திரை அமைதியாக இருந்தது. போனிலோ கேபிள்காரர் போட்டுக்கொடுத்த வைஃபை ஜோராக வந்துகொண்டிருந்தது. பூஜைக்கு முன்னால் சிஸ்டத்துக்கு அப்டேட் போட்டிருந்தேன். குற்றவாளி அந்த அப்டேட்தான் என்று அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

முறைப்படி ஒரு கட்டளை அடித்துப் பார்த்தேன். வைஃபை ‘ஹார்டு பிளாக்டு’ என்று பதில் வந்தது. கருவியே கையால் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். போனில் தேடினேன். உலகத்தின் அத்தனை மூலைகளிலிருந்தும் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள்: உங்கள் லேப்டாப்பில் வைஃபைக்கென்று தனி சுவிட்ச் இருக்கிறதா, பாருங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. என் லேப்டாப் எனக்குத் தெரியாதா? அதில் சுவிட்ச் கிடையாது. பாவம், படிக்காத கூட்டம்.

அந்த நேரம் பார்த்து அப்பா டீ டம்ளரோடு வந்தார்.

“என்ன சாமி, ஸ்டார்ட் ஆவலையா?”

“ஸ்டார்ட் ஆயிருச்சுங்கப்பா. நெட்டுதான் வரலீங்க.”

“கழட்டி மாட்டிப் பாரு. வண்டி எடுக்கலீன்னா பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டுவோம். கப்புனு புடிச்சுக்கும்.”

“அப்பா, இது லாரி இல்லீங்க. இதெல்லாம் படிச்சுட்டுப் பாக்கோணும்.”

“செரி, படிச்சவீங்க பாருங்க” என்று வெளியே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் என்ன செய்தேன்? கழற்றி மாட்டினேன். இணைப்பைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று எனக்குத் தோன்றியது. நீக்கச் சொன்னதும் கண்ணிமைக்கும் நேரத்தில் நீக்கியது. இவ்வளவு சொன்ன பேச்சு கேட்டு அந்த லேப்டாப் நடந்துகொண்டதே இல்லை. திரும்பப் போடச் சொன்னேன். அதை இறக்க இணையம் வேண்டும் என்றது. கிணற்றுக்குள் இறங்கி, கயிற்றை அறுத்துவிட்டு, புதுக் கயிறு வாங்கிவர மேலே ஏறப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன். இப்போது திரையில் வைஃபைக்கான படம்கூட இல்லை.

பத்து மணி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் போனைப் பித்தளைச் சொம்பில் சாய்த்து வைத்து நேர்காணலுக்குள் நுழைந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார். லேப்டாப் திரையைப் பகிரச் சொன்னார்.

“மேடம், லேப்டாப்பில் வைஃபை வேலை செய்யவில்லை.”

“நல்லது. அதையே இன்றைய கேள்வியாக வைத்துக்கொள்வோம்” என்றார்.

போன் கேமராவில் லேப்டாப்பைக் காட்டி, பழையபடி அந்தக் கட்டளையை அடித்தேன்.

“ஹார்டு பிளாக்டு என்கிறதே. உங்கள் மாடலில் சுவிட்ச் இருக்குமே?”

“இல்லை மேடம். நிச்சயமாக இல்லை. இது அப்டேட் செய்த வேலை.”

“எதற்கும் லேப்டாப்பைத் தூக்கி, சுற்றிக் காட்டுங்கள்.”

இடது பக்கம் காட்டினேன். வலது பக்கம் காட்டினேன். முன் விளிம்பைக் காட்டியபோது அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அங்கே மஞ்சளாக ஏதோ ஒட்டியிருக்கிறதே, அது என்ன?”

ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நான் பொட்டைப் போனுக்குக் காட்டுவது அம்மாவுக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து அவர் குரல் வந்தது. “சந்தனமுங்க! ஓரமா வெக்கச் சொல்லுச்சுங்க. அங்க குட்டியூண்டு மேடு இருந்துச்சு. பொட்டு நிக்கறதுக்குத் தோதா இருக்குதேன்னு வெச்சனுங்க. தொடைக்கறப்ப லேசா நவுந்துச்சு. ஒடையலீங்க!”

நேர்காணலில் அதுவரை இருந்த ஆங்கிலம் அத்தோடு முடிந்தது. அந்த அதிகாரி மேசையில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் வாயிலும் நம் பக்கத்துத் தமிழ்தான்; கம்பெனிதான் வெளிநாடு, அவர் நம் பக்கத்துக்காரர். “அம்மாவையே சுரண்டச் சொல்லுங்க” என்றார்.

அம்மா நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனத்துக்கு அடியிலிருந்து, நான் ஒரு நாளும் கண்டிராத சுவிட்ச் ஒன்று தலைகாட்டியது. தள்ளியதும் பக்கத்தில் ஒரு நீல விளக்கு எரிந்தது. அந்த விளக்கையும் அதுவரை நான் ஏதோ அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

“செரி, இப்பக் கனெக்ட் பண்ணுங்க.”

“பண்ண முடியாதுங்க.”

“ஏன்?”

“நெட்ட இணைக்கற சாஃப்ட்வேரக் கழட்டிட்டனுங்க மேடம்.”

வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “கழட்டறது பெருசில்ல சாமி. மாட்டத் தெரிஞ்சவந்தான் கழட்டோணும்!”

பரமத்தி வேலூர் வாழைத்தோப்பு கண்முன் வந்து நின்றது. அதிகாரி மட்டும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அந்தச் சாஃப்ட்வேர் இல்லாம, ஒவ்வொரு கட்டளையா அடிச்சுக் கையாலயே இணைப்பக் கொண்டுவர முடியுமா உங்களால?”

அது எனக்குத் தெரியும். கல்லூரி ஆய்வகத்தில் மற்றவர்கள் பட்டனை அமுக்கிவிட்டுப் போனபோது, வீம்புக்கென்று கட்டளைகளை மனப்பாடம் செய்தவள் நான். ஒவ்வொன்றாக அடித்தேன். கடவுச்சொல்லை ஒரு முறை தப்பாக அடித்தேன். கடைசிக் கட்டளைக்குப் பிறகு இணையம் வந்தது. அம்மா ஓடிப்போய்ச் சாமி படத்தின் முன்னால் மணி அடித்தார். அதுவும் நேர்காணலில் பதிவானது.

தீபாவளிக்கு முந்தின வாரம் வேலை உறுதி என்று மெயில் வந்தது. வாழைத்தோப்புக்காரர் வேறு பெண் பார்த்துக்கொண்டார். (தப்பித்தார்.) அந்த அதிகாரிதான் இப்போது என் மேலாளர் என்பதால், எங்கள் குழுவில் எந்த மெஷின் படுத்தாலும் முதலில் வருகிற கேள்வி, “சந்தனம் பாத்தாச்சா?”

வீட்டில் இன்னும் மோசம். இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கம்பெனி கொடுத்த புது லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு பயபக்தியாக வந்து நின்றார்.

“ஏனுங்க மேடம், எங்கீங்க வெக்கட்டும்?”

“எங்க வேணா வெய்யிம்மா. இந்த மாடல்ல சுவிட்சே கிடையாது. எல்லாமே உள்ளயே சாஃப்ட்வேர் மூலமா…”

நான் விளக்கி முடிப்பதற்குள் அம்மா ஒரு விரல் சந்தனத்தை எடுத்து, என் வாயோரத்தில் அழுத்தித் தேய்த்தார்.

“இரு சாமி, ஆடாத. இதுக்கும் ஓரமா எங்கயாச்சும் ஒரு சுச்சு இருக்கும்.”